சைக்கிளுக்குச் சட்டம் எழுதும் முன்



பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள் பயணம் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரைக்கு நிறையக் கடிதங்கள் வந்தன. பெரும்பாலானவை பாராட்டுகள். என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது கோபத்தோடு எழுதப்பட்ட ஒரு கடிதம். எழுதியவர் சரக்கு வேன் ஓட்டுகிறவர். இரவில் ஊர்ப்பக்கச் சாலைகளில் விளக்கும் இல்லாமல், பின்னால் ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டர்கூட இல்லாமல் சைக்கிளில் போகிறவர்களைக் கடைசி நொடியில்தான் பார்க்க முடிகிறது என்கிறார். எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் கண்ணைக் கூச வைக்கும்போது அந்த நொடியும் கிடைப்பதில்லை. "எங்களுக்கு லைசென்ஸ், இன்சூரன்ஸ், எஃப்.சி. என்று எத்தனையோ சட்டம். சைக்கிள்காரருக்கு ஒன்றுமே கிடையாதா?" என்று கேட்டிருக்கிறார்.

அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பயந்து பயந்து வண்டி ஓட்டுகிற ஒரு தொழிலாளியின் கேள்வி இது. அதைக் கேட்க வேண்டிய நேரமும் வந்திருக்கிறது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு முறிவு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன், சாலை விபத்துகளைத் தடுக்கக் கோரி 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில் 2025 அக்டோபர் 7 அன்று ஒரு முக்கியமான உத்தரவு வந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்க்கப்பட்ட இரண்டு பிரிவுகளின் கீழ், எல்லா மாநிலங்களும் ஆறு மாதத்துக்குள் விதிகள் வகுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். ஒன்று பிரிவு 138(1ஏ). மோட்டார் இல்லாத வண்டிகளும் நடந்து போகிறவர்களும் பொதுச் சாலைகளில் எப்படிப் போக வேண்டும், எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்று ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை அது மாநில அரசுக்குத் தருகிறது. இன்னொன்று பிரிவு 210டி. தேசிய நெடுஞ்சாலை அல்லாத சாலைகளை எந்தத் தரத்தில் வடிவமைப்பது, கட்டுவது, பராமரிப்பது என்பதற்கானது.

ஆக, சைக்கிளுக்கு விதி வேண்டுமா என்ற கேள்வி பட்டிமன்றத் தலைப்பாக இனி இல்லை. விதி எழுதும் பொறுப்பு மாநிலங்களின் கையில் இருக்கிறது. எப்படிப்பட்ட விதி, யாருக்காக என்பதைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

சைக்கிளுக்கு விதியே இருந்ததில்லை என்றும் சொல்ல முடியாது. அறுபது வயதைத் தாண்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். சைக்கிளுக்கு வரி கட்டி, நகராட்சி கொடுக்கும் வில்லையை வண்டியில் மாட்டிய காலத்தைச் சொல்வார்கள். எண்ணெய் விளக்கு போய் டைனமோ வந்த கதையைச் சொல்வார்கள். இருட்டிய பிறகு விளக்கில்லாமல் வந்தாலும், டபுள்ஸ் அடித்தாலும் முச்சந்தியில் போலீஸ்காரர் பிடித்துக்கொள்வார், டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டு உருட்டிக்கொண்டு போகச் சொல்வார் என்று அவர்கள் விவரிக்கும்போது, குரலில் இன்றும் அந்தப் பயம் தெரியும். சாலையில் சைக்கிளே பெரிய வாகனமாக இருந்த காலம் அது. பிறகு மோட்டார் வண்டிகள் பெருகின. காவல்துறையின் கவனம் அவற்றின் மேல் திரும்பியது. வில்லையும் போனது, டைனமோவும் போனது. டைனமோ போனதைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. பேட்டரி வாங்கக் காசு தேவைப்படாமல், மிதித்தாலே எரிந்த விளக்கு அது.

இப்போது கணக்கைப் பார்ப்போம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாடு முழுவதும் இறந்தவர்களில் சைக்கிளில் போனவர்கள் 4,836 பேர். நாளொன்றுக்குப் பதின்மூன்று பேர். நடந்து போய் இறந்தவர்கள் 32,825 பேர். இவர்கள் மேல் மோதியவை பெரும்பாலும் மோட்டார் வண்டிகள்தாம். ஆள் எடையும் சேர்த்து 85 கிலோ உள்ள ஒரு சைக்கிள் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். 1,200 கிலோ கார் 60 கிலோமீட்டரில் வருகிறது. பள்ளிக்கூடத்து இயற்பியல் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், அந்தக் கார் சுமந்து வரும் இயக்க ஆற்றல் சைக்கிளினுடையதைப் போல இருநூறு மடங்குக்கும் மேல். மோதல் நடந்தால் யார் சாவார் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. யாருக்குக் கடுமையான விதி வேண்டும் என்பதற்கும் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆனால் சைக்கிளால் யாருக்கும் ஆபத்தே இல்லை என்று சொல்லி நழுவிவிடவும் எனக்கு மனமில்லை. ஜப்பானில் கோபே நகரத்தில் 2008-ல் ஓர் இரவு, பதினொரு வயதுச் சிறுவன் வேகமாக ஓட்டிவந்த சைக்கிள் நடந்து போன 62 வயதுப் பெண்ணின் மேல் மோதியது. தலையில் அடிபட்ட அவருக்கு நினைவு திரும்பவில்லை. பிள்ளைக்குச் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று, சுமார் 9 கோடியே 50 லட்சம் யென் இழப்பீடு தரும்படி அவன் தாய்க்கு 2013-ல் நீதிமன்றம் உத்தரவிட்டது. நாடே அதிர்ந்த தீர்ப்பு அது. கோபே நகரம் இருக்கும் ஹியோகோ மாகாணம் 2015-ல் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. வேறு பல மாகாணங்களும் அதைப் பின்பற்றின. 2024 நவம்பரிலிருந்து, கைபேசியைப் பார்த்தபடி சைக்கிள் ஓட்டினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் யென் வரை அபராதம் என்று சட்டம் வந்தது. 2026 ஏப்ரல் 1 முதல், பதினாறு வயது நிறைந்த சைக்கிள்காரர்களுக்கு மோட்டார் வண்டிக்காரர்களைப் போலவே அந்த இடத்திலேயே அபராதச் சீட்டு கொடுக்கும் முறை. சிவப்பு விளக்கைத் தாண்டினால் 6,000 யென், இரவில் விளக்கில்லாமல் வந்தால் 5,000 யென்.

கடுமையான விதி வேண்டும் என்கிறவர்கள் ஜப்பானைக் காட்டலாம், தவறில்லை. ஆனால் அங்கே பெரும்பாலான பிள்ளைகள் நடந்தே பள்ளிக்குப் போகிறார்கள், தெருக்கள் அதற்கு ஏற்றபடி இருக்கின்றன. நடைபாதைகளில் நடக்க இடமிருக்கிறது, அந்த நடைபாதையில் சைக்கிள் ஏறுவதால் வந்த சிக்கல்தான் பெரிது. நம் ஊரில் நடைபாதையில் பைக் ஏறுகிறது. ஜப்பானின் விதியை மட்டும் இறக்குமதி செய்து, அதன் தெருவை விட்டுவிட்டு வந்தால் நமக்குப் பலனில்லை.

நெதர்லாந்தின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. சைக்கிளின் சொர்க்கம் என்று இன்று சொல்லப்படும் அந்த நாட்டில் 1971-ல் மட்டும் சாலையில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். தன் மகளை விபத்தில் பறிகொடுத்த விக் லாங்கென்ஹாஃப் என்ற பத்திரிகையாளர், குழந்தைக் கொலையை நிறுத்துங்கள் என்ற தலைப்பில் 1972-ல் எழுதினார். அந்தத் தலைப்பே ஒரு மக்கள் இயக்கத்தின் பெயரானது. தாய்மார்கள் தெருக்களை மறித்தார்கள், அதே நேரம் எண்ணெய் நெருக்கடியும் வந்தது, அரசு மனம் மாறியது. பிள்ளைகள் எல்லாரும் தலைக்கவசம் போட வேண்டும் என்று அங்கே யாரும் சட்டம் கொண்டுவரவில்லை. தெருவை மாற்றினார்கள். சைக்கிளுக்குத் தனிப் பாதை போட்டார்கள், குடியிருப்புப் பகுதிகளில் காரின் வேகத்தைக் கட்டினார்கள்.

அங்கே சட்டமும் சைக்கிளுக்குத் துணை நிற்கிறது. அந்நாட்டுப் போக்குவரத்துச் சட்டத்தின் 185-ஆம் பிரிவுப்படி, மோட்டார் வண்டி சைக்கிள்மேல் மோதினால், தவிர்க்கவே முடியாத நிகழ்வு என்று நிரூபித்தாலன்றி வண்டிக்காரர் தரப்பு இழப்பீடு தந்தாக வேண்டும். அடிபட்டது பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் அநேகமாக முழுத் தொகையும். அங்கே சைக்கிள்காரர்களுக்கு விதி இல்லாமலும் இல்லை. இரவில் விளக்கில்லாமல் போனால் அபராதம். 2019 ஜூலை முதல் கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினாலும் அபராதம். பதினொன்று பன்னிரண்டு வயதில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெருவிலேயே சைக்கிள் தேர்வு வைக்கிறார்கள். இடமும் கொடுத்து, பயிற்சியும் கொடுத்துத்தான் அபராதம் கேட்கிறார்கள்.

இடம் கொடுக்காமல் தண்டனை மட்டும் வந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கொல்கத்தா இருக்கிறது. போக்குவரத்து நெரிசலைக் காரணம் காட்டி 2008-லிருந்து சில சாலைகளில் சைக்கிளைத் தடுக்கத் தொடங்கினார்கள். 2013-ல் அந்தத் தடை 174 சாலைகளுக்கு விரிந்தது. பால்காரர், செய்தித்தாள் போடுகிறவர், மீன் விற்கிறவர், வீட்டு வேலைக்குப் போகும் பெண் எல்லாரும் ஒரே நாளில் குற்றவாளிகள் ஆனார்கள். அன்றைய வருமானத்தில் பாதியை அபராதமாகக் கட்டிவிட்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள். பாதுகாப்பு என்ற பெயரில் ஏழையைச் சாலையிலிருந்து அகற்றிவிடுவது எவ்வளவு எளிது என்பதை அந்த நகரம் காட்டியது. 138(1ஏ) பிரிவை வைத்து நம் மாநிலத்தில் விதி எழுதும் அதிகாரிகள் கொல்கத்தாவை மறக்கக்கூடாது. சைக்கிளுக்குப் பாதை ஒதுக்கவும் அந்தப் பிரிவில் வழியிருக்கிறது, சைக்கிளை விரட்டவும் வழியிருக்கிறது.

நம் சாலைகளில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் யார் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். ஞாயிறு விடியலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தலைக்கவசமும் மின்னும் சிவப்பு விளக்குமாகப் போகிறவர்கள் உண்டு. அவர்கள் எண்ணிக்கை கூடுவதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பெரும்பான்மை அவர்கள் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், விவசாயமும் வீட்டுத் தொழிலும் நீங்கலாக மற்ற வேலைகளைச் செய்கிறவர்களில் நூற்றுக்குப் பதின்மூன்று பேர் சைக்கிளில்தான் வேலைக்குப் போனார்கள். கொத்தனாரின் கையாள், கேனில் டீ விற்கிறவர், திருப்பூரில் இரவு ஷிஃப்ட் முடிந்து அறைக்குத் திரும்பும் வடமாநில இளைஞர். அப்புறம் நம் பிள்ளைகள். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்காக 2001-02-ல் தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம் பிறகு மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தில், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தோடு, ஆயிரமாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். யாருடைய துணைக்கும் காத்திராமல் சந்தைக்கும் வேலைக்கும் போனார்கள். சைக்கிளுக்குப் பதிவு எண், ஓட்ட லைசென்ஸ் என்று கேட்கிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். அன்று புதுக்கோட்டையில் அப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால், அந்தப் பெண்களில் எத்தனை பேர் ஆர்.டி.ஓ. அலுவலகப் படி ஏறியிருப்பார்கள்?

தலைக்கவசம் பற்றி நிறைய வாசகர்கள் கேட்கிறார்கள். போடுங்கள் என்றுதான் சொல்வேன். விழுந்தால் மண்டைக் காயத்தை அது வெகுவாகக் குறைக்கும், பிள்ளைகளுக்கும் வேகமாக ஓட்டுகிறவர்களுக்கும் மிகவும் நல்லது. அதைச் சட்டமாக்குவது வேறு விஷயம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990 ஜூலையில் உலகிலேயே முதலாக அப்படிச் சட்டம் போட்டது. அதன் பிறகு மெல்போர்னில் எடுத்த கணக்கெடுப்புகளில், பதின்ம வயதுப் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவது பெரிதும் குறைந்திருந்தது. சாலையில் சைக்கிள்கள் குறையக் குறைய, மிச்சமிருக்கும் சைக்கிளை வண்டிக்காரர்கள் கவனிப்பதும் குறைகிறது.

நம் நாட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. விபத்து இழப்பீட்டு வழக்குகளில் அடிபட்டவர் பேரிலும் தவறு இருக்கிறது என்று காட்டித் தொகையைக் குறைக்கச் சொல்வது காப்பீட்டு நிறுவனங்களின் வழக்கமான வாதம். தலைக்கவசம் போடாமல் பைக் ஓட்டியவர்களின் வழக்குகளில் இந்த வாதம் எடுபட்டும் இருக்கிறது. சைக்கிளுக்கும் கவசம் கட்டாயம் என்று நாளைக்கு ஒரு விதி வந்தால், வேகமாக வந்த லாரி பின்னாலிருந்து அடித்துக் கொன்ற கூலித் தொழிலாளியின் மனைவியிடம், "உங்கள் கணவர் விதியை மீறினார்" என்று ஒரு வக்கீல் சொல்வார். அந்தப் பெண்ணுக்கு வரவேண்டிய பணத்தில் ஒரு பங்கு போய்விடும். இந்த ஒரு காரணத்துக்காகவே கட்டாயக் கவசத்தை நான் எதிர்ப்பேன்.

எதிர்த்திசையில் சைக்கிள் ஓட்டுவது பற்றிய புகாரும் உண்மை. அது மிக ஆபத்தான பழக்கம். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். செங்கல்பட்டைத் தாண்டித் தெற்கே போகும் நான்கு வழிச் சாலையின் இருபக்கமும் கிராமங்கள். வீடு ஒரு பக்கம், கடையும் பள்ளியும் மறுபக்கம். நடுவில் தடுப்பு. கடக்கும் வழி எங்கோ தள்ளி. பெட்ரோலில் ஓடும் வண்டிக்கு இரண்டு கிலோமீட்டர் சுற்று ஒன்றுமில்லை, காலில் மிதிக்கிறவருக்கு அது பத்து நிமிட உழைப்பு. சர்வீஸ் சாலையோ பாலம் வந்ததும் நின்றுபோகிறது. அப்படி ஒரு சாலையைப் போட்டவர்களுக்கும் ஒரு விதி இருக்கிறது. அதே 2019 திருத்தத்தில் வந்த 198ஏ பிரிவுப்படி, வடிவமைப்புத் தரத்தைப் பின்பற்றாததால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். சைக்கிள்காரரைப் பிடிக்கும் முன் அந்தப் பிரிவை எடுத்துத் தூசி தட்டுங்கள் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று கொள்கை வகுத்தது. இந்திய நகரங்களில் அதுதான் முதல். கொள்கை இருந்தும் அந்த நகரத்தில் ஒரு பத்து வயதுப் பிள்ளையைத் தனியே சைக்கிளில் டியூஷனுக்கு அனுப்பும் தைரியம் எத்தனை பெற்றோருக்கு இருக்கிறது?

வேன் ஓட்டும் நண்பருக்கு என் பதில்: ஆம், சைக்கிள்காரருக்கும் விதி வேண்டும். இருட்டினால் முன்னால் விளக்கும் பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டரும் இருந்தே ஆக வேண்டும். சிவப்பு விளக்கில் நிற்க வேண்டும். காதில் பாட்டோடும் கையில் கைபேசியோடும் ஓட்டக்கூடாது, குடித்துவிட்டும் ஓட்டக்கூடாது. 250 வாட்டுக்கு மேலான மோட்டாரை வைத்துக்கொண்டு சைக்கிள் என்ற பெயரில் பறக்கிற மின்வண்டிகளை மோட்டார் வண்டியாகவே நடத்த வேண்டும், அதில் தாட்சண்யம் கூடாது. ஆனால் விளக்கில்லாமல் வரும் கூலித் தொழிலாளியிடம் அபராதம் வாங்காதீர்கள். அவர் சைக்கிளில் ஒரு ரிஃப்ளெக்டரை ஒட்டி அனுப்புங்கள். பழநிக்குப் பாதயாத்திரை போகும் பக்தர்களின் முதுகுப் பையில் ஒளிரும் பட்டையை நம் காவலர்கள்தானே ஒட்டுகிறார்கள்? அதைப் போலவே தொழிற்பேட்டை வாசலிலும் மேல்நிலைப் பள்ளி வாசலிலும் நின்று சைக்கிள்களுக்கும் ஒட்டலாம். சைக்கிளில் பொருத்தும் ரிஃப்ளெக்டர்களின் தரத்துக்கென்றே 2020-ல் மத்திய அரசு ஆணை பிறப்பித்திருக்கிறது. அரசு கொடுக்கும் பள்ளிச் சைக்கிள் ஒவ்வொன்றிலும் அந்தத் தரத்தில் ரிஃப்ளெக்டரும், மிதித்தால் எரியும் விளக்கும் இருக்க வேண்டும் என்று இந்தப் பக்கத்தின் வழியாகப் பள்ளிக் கல்வித் துறையைக் கேட்கிறேன்.

கடுமை என்ற சொல்லை வேகத்துக்கும் எடைக்கும் வைத்துக்கொள்வோம். பள்ளியைச் சுற்றி வண்டிகள் 30 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பதில் கடுமை காட்டலாம். கண்ணைப் பறிக்கும் எல்.இ.டி. விளக்குகள்மேல் காட்டலாம். உச்ச நீதிமன்றத்தின் அதே உத்தரவு அவற்றைக் கட்டுப்படுத்தவும் சொல்கிறது. அந்த வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் இருந்தாலே நம் வேன்காரருக்கு அந்தச் சைக்கிள் இன்னும் கொஞ்சம் முன்னாலேயே தெரிந்திருக்கும்.

வாசகர்களுக்கு ஒரு முக்கியமான தகவலையும் இங்கே சொல்லியாக வேண்டும். மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டால் ஒன்றும் கிடைக்காது என்று பல ஏழைக் குடும்பங்கள் நினைக்கின்றன. அது சரியல்ல. வண்டியை அடையாளம் காண முடியாத விபத்துகளில் இறந்தவரின் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும், படுகாயமடைந்தவருக்கு 50,000 ரூபாயும் மத்திய அரசின் திட்டத்தில் கிடைக்கும். 2022 ஏப்ரல் முதல் இந்தத் தொகை அமலில் இருக்கிறது. உங்கள் பகுதி வட்டாட்சியர் அல்லது கோட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள். அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டு போகத் தயங்காதீர்கள். நல்லெண்ணத்தோடு உதவுகிறவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்பளிக்கிறது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது.

உங்கள் வீட்டுக்குப் பால் கொண்டுவருகிறவர், பேப்பர் போடும் பையன், வேலைக்கு வரும் அக்கா, இவர்களில் யாருடைய சைக்கிளிலாவது பின்னால் சிவப்பு இல்லையென்றால் இந்த வாரமே ஒன்று வாங்கி மாட்டிக்கொடுங்கள். பெரிய செலவில்லை. உங்கள் ஊர்ப் பிள்ளைகள் எந்தச் சாலையில் சைக்கிளில் போகிறார்கள், எந்த இடத்தில் பயந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று எழுதி, மாவட்ட ஆட்சியர் தலைமையில் கூடும் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு மனு கொடுங்கள். ஒரு நகலை எங்களுக்கும் அனுப்புங்கள், வெளியிடுகிறோம். கிராமத்தில் இருப்பவர்கள் இதைக் கிராம சபையில் தீர்மானமாகவே வைக்கலாம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை அந்தச் சபை கூடுகிறது.

அன்புடன்,
ஆசிரியர்